கரி அடுப்புக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் எத்தனை தூரம்?

திருப்பூரிலிருந்து மைத்துனன் பேசினான். "மாமா, எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் சென்னைக்கு வருகிறோம். இரண்டு இரவு. நல்ல ஓட்டலாக, ஐந்து நட்சத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் சாப்பாடு உங்கள் பக்கத்துச் சாப்பாடு. கரியில் சுட்ட கறி, கபாப், மீன். ராத்திரி கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும். எல்லாம் ஐம்பதாயிரத்துக்குள். எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

நான் ராயபுரத்துக்காரன். பிறந்தது, படித்தது, பெண் எடுத்தபின் குடித்தனம் வைத்தது எல்லாம் இதே பக்கம்தான். சொந்த ஊரில் ஓட்டல் அறை எடுத்துத் தங்கும் தேவை யாருக்கும் வராது என்பதால் இந்தக் கேள்வியை அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஒரு வாரம் அறை விலைகளைப் பார்த்தேன், இரண்டு இரவு வெளியே சுற்றினேன், வீட்டில் திட்டும் வாங்கினேன். அதற்குப் பிறகு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் கேட்ட மூன்றும் சென்னையில் உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் இல்லை. பாரிமுனையிலிருந்து வடக்கே மண்ணடி, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரை போய்ப் பார்த்தாலும் அவன் நினைக்கிற மாதிரியான ஆடம்பர ஓட்டல் கண்ணில் படாது. துறைமுகமும் ஆலைகளும் கிடங்குகளும் ரயில்வே யார்டும் எங்களுக்கு வந்தன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் எங்களைத் தேடி வந்தது. பெரிய ஓட்டல்கள் மவுண்ட் ரோட்டோடு நின்றுவிட்டன.

ஆகவே நட்சத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தச் சாப்பாடு எத்தனை மணிக்குக் கிடைக்கும், அதை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். ஓட்டல் அந்தக் கணக்குக்குப் பின்னால் வரட்டும்.

முதலில் கபாப். வெளியூர்க்காரர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். சென்னைத் தெருவில் 'சிக்கன் கபாப்' என்று பலகை இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெயில் பொரித்த சிவப்புக் கோழிதான். நெருப்பைப் பார்த்தே இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கும் கிரில் சிக்கன் இன்னொரு வகை. அதுவும் பெரும்பாலும் எரிவாயுவில் வேகிறது. அதோடு குப்பூஸும் மயோனைஸும் கொடுப்பார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கலாம். எனக்கு அந்த வெள்ளைக் குழம்பின் மேல் எப்போதுமே பிரியம் கிடையாது. தடை வந்தபோது வருத்தப்படவுமில்லை.

கரியில் சுடுவது வேறு. அதற்கு மண்ணடி, பெரியமேடு, புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கம் போக வேண்டும். மண்ணடியில் இருட்டத் தொடங்கும் நேரத்தில் வண்டிகள் வந்து நிற்கும். நீளமான தகரத் தட்டில் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கும். விரல் நுனி அளவுக்கு வெட்டிய மாட்டுக்கறித் துண்டுகளைச் சைக்கிள் சக்கரக் கம்பி பருமனுள்ள கம்பிகளில் நெருக்கமாகக் கோத்து அதன்மேல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பப்பாளிக்காய் விழுதில் ஊறிய கறி அது. கடைக்காரர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் பத்துப் பன்னிரண்டு கம்பிகளையும் ஒரே தள்ளில் உருட்டுவார். கொழுப்பு கரியில் சொட்டும்போது தீ ஒரு சாண் எழும்பும். அந்த நொடியில் விசிறி நிற்கும், கம்பிகள் மேலே தூக்கப்படும். தூக்கத் தவறினால் கறியில் கசப்பு ஏறிவிடும். வெந்ததும் ஒரு காகிதத்தால் பிடித்து இழுத்தால் துண்டுகள் எல்லாம் தட்டில் உதிரும். மேலே வெங்காயம், ஒரு பிழி எலுமிச்சை. கணக்கு கம்பி எண்ணிக்கையில். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அடுத்த வண்டிக்குப் போகும்போது கை மணக்கும், சட்டையும் மணக்கும். ரமலான் மாதமாக இருந்தால் இந்தத் தெருக்கள் விடிய விடிய விழித்திருக்கும். மற்ற மாதங்களில் பத்தரை, பதினொரு மணிக்குக் கரியில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள்.

புளியந்தோப்புக்கும் பெரம்பூருக்கும் கறிப் பெயர் வந்ததற்குக் காரணம் ஆட்டுத்தொட்டி. வெட்டுமிடம் பக்கத்திலேயே இருப்பதால் மற்ற ஊர்க் கடைகளில் தேடினாலும் கிடைக்காத உறுப்புகள் இங்கே அன்றன்றே புதிதாக வந்து இறங்கும். போட்டி, ஈரல், சுவரொட்டி, நாக்கு. ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் குறைந்த காசில் வயிறு நிறையச் சாப்பிட்ட கறி இது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தோசைக்கல்லில் வறுபடுபவை. சுக்கா, மிளகு வறுவல் என்று பெயர். சுட்ட கறிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் உப்புக்கண்டம் போட்ட வீடு ஏதாவது தெரியுமா என்று விசாரிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த அந்தத் துண்டைத் தணலில் வாட்டி, அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, பழைய சோற்றோடு வைத்தால் நான் எந்த விருந்தையும் விட்டுவிட்டு வருவேன். அதைக் கடையில் வாங்கித் தர என்னால் முடியாது என்பதால் மைத்துனனிடம் சொல்லி ஆசை காட்டவில்லை.

பர்மா சாப்பாடு சுடுகிற வகை இல்லை. இருந்தாலும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் அதை விடக் கூடாது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு திரும்பி வந்த நம்மவர்கள் கொண்டுவந்தது அத்தோ. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் ரோட்டில் மாலையில் தொடங்கிவிடும். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வடை எல்லாம் கலந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இது கபாபுக்கு முன்னால், ஏழு மணிக்குள் முடிய வேண்டிய வேலை. இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். இல்லையென்றால் பின்னால் வருவதற்கு வயிற்றில் இடமிருக்காது.

இனி 'இரவு வாழ்க்கை'. மைத்துனன் இந்தச் சொல்லைச் சொன்னபோது அவன் மனத்தில் இருந்தது இசையும் வண்ண விளக்கும் என்று எனக்குத் தெரியும். அவையெல்லாம் மவுண்ட் ரோடு ஓட்டல்களுக்கு உள்ளே இருக்கின்றன. வடசென்னையின் இரவு வேறு மாதிரி. தெருவிளக்குக் கீழே கேரம் பலகை, மேலே தாழத் தொங்கும் பல்பு, சுற்றி நின்று ஆட்டத்துக்கு யோசனை சொல்லும் பத்துப் பேர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். எங்காவது சாவு வீட்டில் கானா கேட்கும். பதினொரு மணிக்கு மேல் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டும். பிறகு ஓர் அமைதி. எங்கள் ஊர் நிஜமாக விழித்துக்கொள்வது விடியற்காலை மூன்று மணிக்கு, காசிமேட்டில்.

காசிமேட்டைப் பார்க்காமல் வடசென்னையில் இரவைக் கழித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. விசைப்படகுகள் வந்து சேர, கூடை கூடையாக வஞ்சிரம், சங்கரா, கொடுவா, கடம்பா, இறால், நண்டு இறங்கும். ஏலம் விடுகிறவரின் குரலில் எண்கள் மட்டும்தான் கேட்கும். யார் தலையசைத்தார், யாருக்குப் போனது என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரிவதற்குள் கூடை நகர்ந்துவிடும். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். செருப்பு நனைவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்களோ என்று தோன்றும். சனிக்கிழமை விடியற்காலை அவ்வளவு நெரிசல் இருக்காது. மீனை வாங்கினால் அங்கேயே செதில் நீக்கி வெட்டித் தரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் பக்கத்திலேயே என்-4 பீச்சில் மசாலா தடவிய மீனை அடுக்கி வைத்துப் பொரிப்பார்கள். காவல் நிலையத்தின் எண்ணையே கடற்கரைக்குப் பெயராக வைத்த ஊர் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

இன்னொன்றையும் அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். கறியும் மதுவும் ஒரே மேசையில் வேண்டும் என்றால் வடசென்னை அவனுக்கு ஒத்துவராது. மண்ணடிக் கபாப் வண்டியில் எலுமிச்சைச் சாறுதான் கிடைக்கும். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. அவற்றோடு ஒட்டிய பார்களுக்கு மனைவியை அழைத்துப் போக முடியாது. முதலில் சாப்பாடு, பிறகு ஓட்டலுக்குத் திரும்பி அதன் பாரில் ஒரு மணி நேரம் என்பதுதான் நடக்கக்கூடிய வரிசை. காரை எடுத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி போன்ற நாட்களில் பாரும் மூடியிருக்கும். தேதி குறிக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஓட்டல்களுக்கு வருகிறேன்.

மைத்துனன் முதலில் சொன்ன பெயர் கிண்டியில் இருக்கும் ஐ.டி.சி. கிராண்ட் சோழா. 2012இல் திறந்தது, 600 அறை, பளிங்கும் தூண்களுமாக ஒரு கோயில் பிராகாரம் மாதிரி நீளும். அதற்குள்ளே இருக்கும் பெஷாவரியில் சுட்ட கறிக்குக் குறைவே இல்லை. கரண்டி, முள்கரண்டி வைக்க மாட்டார்கள். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கையால்தான் சாப்பிட வேண்டும். சிக்கந்தரி ரான் என்று ஆட்டின் முழுத் தொடையைத் தந்தூரில் இறக்குகிறார்கள். மண்ணடி வண்டியோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லைதான், இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறேன். தந்தூரில் சூடு நான்கு பக்கமும் சூழ்ந்து இறுக்கும். பெரிய துண்டும் உள்வரை வெந்து சாறு உள்ளேயே நிற்கும். தட்டில் கனலும் கரியில் சூடு கீழிருந்து மட்டும் வருகிறது. ஆகவே துண்டு சிறிதாக இருக்க வேண்டும், ஓயாமல் உருட்ட வேண்டும், ஓரம் கருக வேண்டும், புகை ஏற வேண்டும். முதலாவது பொறுமைக்கான சமையல், இரண்டாவது வேகத்துக்கான சமையல். நன்றாகச் செய்தால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெஷாவரியைச் சாப்பிட வடசென்னைக்கு எதற்கு வர வேண்டும்? அங்கே தங்கினால் அவன் அறையை விட்டு இறங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். கிண்டியிலிருந்து நீலத் தடத்து மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரை மணி அளவில் மண்ணடி வந்துவிடலாம், உண்மைதான். திரும்பும்போது கடைசி ரயில் பதினொரு மணியையொட்டிப் போய்விடும். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு என்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டாக்சி. நான் இதை அடித்துவிட்டேன்.

எம்.ஆர்.சி. நகரில் கடலைப் பார்த்தபடி இருக்கும் லீலா பேலஸ் பற்றி முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. தெற்கே தள்ளி இருக்கிறது, பக்கத்தில் மெட்ரோவும் இல்லை. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கிருந்து காசிமேட்டுக்குச் சுமார் 12 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஒரே நேர்ச்சாலை. சாந்தோம், காமராஜர் சாலை, நேப்பியர் பாலம், ராஜாஜி சாலை என்று கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே வடக்கே வந்துவிடலாம். பகலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விடியற்காலை இரண்டே முக்காலுக்கு அந்தச் சாலையில் வந்து பார்த்திருக்கிறேன். சென்னை இவ்வளவு அழகாக வேறு எப்போதும் இருப்பதில்லை. அறையைவிட்டு வெளியே வர மனமில்லாத மனைவியும் காசிமேட்டுக்குத் துடிக்கும் கணவனும் சேர்ந்து வந்தால் இதைத்தான் சொல்வேன். அவள் படுக்கையிலிருந்தே கடலைப் பார்க்கட்டும், இவன் கடலிலிருந்து வந்ததை வாங்கட்டும். ஆனால் என் மைத்துனன் மனைவி அவனுக்கு முன்னால் காசிமேட்டுக்கு ஓடுகிறவள்.

நடனமும் இசையும்தான் பிரதானம் என்றால் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தி பார்க். பழைய ஜெமினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் 2002இல் வந்தது. அங்கேயுள்ள பாஷா என்ற இரவு விடுதியைச் சென்னையில் ஒரு தலைமுறைக்கே தெரியும். கபாப் மணக்கும் சட்டையோடு அங்கே போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். வயதும் ஆகிவிட்டது.

மிஞ்சியது தாஜ் கன்னிமாரா. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்த அதே கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயர்தான். 1854இல் இம்பீரியல் என்று தொடங்கிய ஓட்டல், அவர் கவர்னராக இருந்த காலத்து நினைவாக 1890இல் பெயர் மாறியது. பல வருடம் புதுப்பித்து 2018இல் மறுபடி திறந்தார்கள். பின்னி ரோட்டில் இருக்கிறது. மண்ணடிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர். எல்.ஐ.சி. மெட்ரோ நடக்கிற தூரம். அங்கிருந்து மண்ணடிக்கு நேர் ரயில், புது வண்ணாரப்பேட்டைக்கும் அதே ரயில். விடியற்காலையில் டாக்சி எடுத்தாலும் காசிமேட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். உள்ளேயே 'லேடி கன்னிமாரா' என்ற பார் இருப்பதால் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார இடம் உண்டு. செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர்பெற்ற ரெயின்ட்ரீ உணவகமும் இங்கேதான். ரெயின்ட்ரீ என்றால் நம் தூங்குமூஞ்சி மரம். அந்தப் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் யாராவது உள்ளே போவார்களா என்பது சந்தேகம்தான்.

எழும்பூர், பெரியமேடு பக்கத்து நடுத்தர ஓட்டல்களையும் பார்த்தேன். ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான விரிப்பு, சூடான தண்ணீர், இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும் வரவேற்பாளர். எழும்பூர் பச்சைத் தடத்தில் இருப்பதால் சென்ட்ரலில் ரயில் மாற வேண்டும், அதுவொன்றுதான் குறை. பெரியமேட்டில் தங்கினால் ஆப்பம் பாயாவுக்கு நடந்தே போகலாம்.

பாரிமுனை லாட்ஜ்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூரம் என்று பார்த்தால் இவற்றை அடிக்க ஆளில்லை. ஜன்னலைத் திறந்தால் கபாப் புகை உள்ளே வரும். பல வருடத்துக்கு முன் வெளியூர் நண்பர் ஒருவரை அப்படி ஓர் இடத்தில் தங்க வைத்தேன். நள்ளிரவு வரை சரக்கு இறக்கும் சத்தம், அதற்குப் பிறகு கொசு, ஐந்து மணிக்குத் தண்ணீர் மோட்டார். அவர் இன்றும் என்னோடு பேசுகிறார் என்பது அவருடைய பெருந்தன்மை. கல்யாண நாளுக்கு அங்கே அனுப்பினால் என் மனைவி என்னோடு பேச மாட்டாள்.

பணக் கணக்கைப் போட்டபோதுதான் வழி தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அந்த மாதிரி விலையில் அறை விற்கும் ஓட்டலுக்குள் சாப்பிட்டாலும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். வெளியே சாதாரண உணவகத்தில் 5. கபாப் வண்டியில் ரசீதே கிடையாது. ஓர் உதாரணத்துக்கு, 15,000 ரூபாய் அறை இரண்டு இரவுக்கு வரியோடு 35,400. அவனுடைய ஐம்பதாயிரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு படுக்கைக்கே போய்விடும்.

அந்தப் படுக்கையில் அவன் எவ்வளவு நேரம் படுப்பான்? வெள்ளிக்கிழமை மாலை வந்து, அத்தோ, கபாப் என்று சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு அறைக்கு வருவான். இரண்டரைக்கு எழுந்து காசிமேடு. ஆறு மணிக்குத் திரும்பி வந்து படுத்தால், பெரிய ஓட்டலின் காலை உணவு முடிகிற பத்தரைக்கு எழுந்திருக்க மாட்டான். நீச்சல் குளத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டான். விட்டு விட்டுத் தூங்கும் ஓர் இரவுக்குப் பதினேழாயிரத்து எழுநூறு ரூபாய் யார் கொடுப்பார்கள்?

ஆகவே இரவைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை எழும்பூரில் 7,000 ரூபாய்க்குள் ஓர் அறை, வரியோடு 7,350. அன்று வடசென்னை முழுவதையும் முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னி ரோட்டுக்கு மாறி, மாலை வரை தூங்கி, குளித்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு ஓட்டலுக்குள்ளேயே இருக்க வேண்டும். கொடுத்த காசுக்கு அன்று முழுதாக அந்த அறையில் வாழலாம். 15,000 ரூபாய் அறை என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு இரவுக்கும் சேர்த்து 25,050. மிச்சப் பாதி சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் அந்த ஒரு மணி நேர பாருக்கும் தாராளமாகப் போதும்.

"ஓட்டலை மாற்றாமல், கபாபைப் பார்சல் வாங்கி அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் என்ன மாமா?" என்று கேட்டான். அதற்கும் என்னிடம் அனுபவம் உண்டு. அலுவலகத்துக்கு வந்த ஒரு விருந்தாளிக்காக ஒருமுறை நண்டு வறுவலும் கபாபும் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனேன். வாசலில் பையை ஊடுகதிர் இயந்திரத்தில் போடச் சொன்னார்கள். திரையில் நண்டின் கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. காவலர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பாராட்ட வேண்டும். பிறகு சட்டை கசங்காத ஓர் இளைஞர் வந்து, வெளிச் சாப்பாடு அனுமதியில்லை, மன்னிக்கவும் ஐயா, என்று மூன்று தடவை சொன்னார். விருந்தாளி கீழே இறங்கி வந்து, என் ஸ்கூட்டர் இருக்கையின் மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஓட்டலுக்கு வெளியே நடைபாதையில் நின்றபடி சாப்பிட்டார். எலும்பைக் காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டு மேலே போனார். கபாப் அதற்குள் ஆறிப்போயிருந்தது. கம்பியிலிருந்து இறக்கிப் பத்து நிமிடமானால் அது வேறு பண்டம்.

மைத்துனன் ஒப்புக்கொண்டான். அறைகளைப் பதிவு செய்கிறேன் என்று தேதியைச் சொன்னான். மே 22, 23.

"மே மாதமா? மீன்பிடித் தடைக்காலமடா அது."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் இறங்காது. பைபர் படகுகள் பக்கத்துக் கடலில் பிடித்து வருவது இருக்கும், வெளிமாநில மீனும் ஐஸில் வரும், வஞ்சிரம் விலை வானத்தைத் தொடும். நான் சொன்ன காசிமேடு அப்போது பாதி தூங்கிக்கொண்டிருக்கும். தடை முடிந்ததும் முதல் வாரக் கூட்டம் ஒரு திருவிழா. அதில் புதிதாக வருகிறவர்கள் நசுங்கிப்போவார்கள். ஜூன் கடைசி வெள்ளி, சனி சரியாக இருக்கும் என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவன் மனைவி தொலைபேசியை வாங்கினாள்.

"அண்ணா, கல்யாண நாள் வைகாசியில் வருகிறது. வஞ்சிரத்துக்காக ஆனிக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறீர்களா?"

"ஆமாம்மா."

"சரி, தள்ளிவிடுகிறோம். கடம்பாவும் அப்போது கிடைக்கும்தானே?"